வள்ளி நெத்தியில பூசுன விபூதி

அதனாலதான் சொல்றேன் முத்து, அந்த விபூதிய அவ நெத்தியில வச்சது சாமியாருதான், இல்லேங்கல. ஆனா அத அழிச்சு மூணு பட்டையா இழுத்துவிட்டது ஒன் சித்தி, நானு. பண்ணைக்காட்டுக்காரங்க பாதியப் பாத்துட்டு வந்து ஒன்கிட்டச் சொல்லியிருக்காங்க. மீதிய நான் சொல்றேன். லாரிய எங்கயாவது நெழலாப் பாத்து ஓரங்கட்டிட்டு, ஒரு டீத்தண்ணியக் குடிச்சுக்கிட்டு நிதானமாப் படி. மலையேறிக்கிட்டே படிக்காத. ஒன் சித்தி எழுத்து எப்படிக் கெடக்கும்னு ஒனக்கே தெரியும், வளைவுக்கு வளைவு. மூணாப்புக்கு மேல நான் எங்க படிச்சேன்? ஒங்க தாத்தா மாடு மேய்க்க ஆளில்லேன்னு நிப்பாட்டிட்டாரு.

ஒன் கடுதாசி வந்த அன்னிக்கு பூண்டு பறிப்பு. தபால்காரரு மேட்டுல நின்னுக்கிட்டு, "ஏ ஆத்தா, மதுரையிலேருந்து மகன் எழுதிருக்காப்புல, கல்யாணச் சேதியா இருக்கும், வாய இனிக்கவைங்க"ன்னாரு. நானும் கையத் தொடச்சுட்டு ஓடுனேன். பிரிச்சுப் பாத்தா, வள்ளிய முழுப்பரீட்சைக்கு அனுப்பாத, அஞ்சாப்போட நிப்பாட்டிரு, இனிமே மடத்துப் பள்ளிக்கூடத்துப் பக்கமே அவ போகக்கூடாதுன்னு எழுதிருக்க.  பண்ணைக்காட்டுல ஒனக்குப் பேசி வச்சிருக்கிற பொண்ணோட தாய்மாமன் கொடைக்கானல் பஸ்சு நிக்கிற எடத்துல நம்ம வள்ளியப் பாத்தாராம், நெத்தியில சிலுவைக் குறியோட. அத வச்சு டீக்கடையில நாலு பேரு முன்னால, "என்ன மாப்ள, வீட்ல எல்லாரும் வேதத்துல சேந்துட்டீகளா? எங்க பொண்ணுக்கு என்ன பேரு வைக்கப் போறீக, மேரியா, ரோசியா?"ன்னு கேட்டாராம். எனக்குப் புரியுதுடா ராசா. ஒங்கய்யா கண்ண மூடுனதுலேருந்து வீட்டுக்கு ஆம்பளைன்னு நீ ஒருத்தன்தான். வைகாசியில கல்யாணத்த வச்சுக்கிட்டு அந்த வார்த்தையக் கேட்டா யாருக்கும் சோறு எறங்காது. நான் ஒன்மேல கோவமா எழுதல. என்ன நடந்துச்சுன்னு எழுதுறேன்.

நம்ம வில்பட்டிப் பள்ளிக்கூடம் மூணாப்போட சரி. நாலாவதும் அஞ்சாவதும் கொடைக்கானல்ல சிஸ்டருக நடத்துற மடத்துப் பள்ளிக்கூடத்துலதான்னு நீயும் நானும் பேசித்தான் சேத்தோம். டவுனுக்கு வேலைக்குப் போற பொம்பளைகளோட வெள்ளனே கெளம்பிப் போயிருவா, சாயங்காலம் அவங்களோடயே வந்துருவா. அதுல எனக்கு வெனை எங்க வந்துச்சுன்னா, வேதக்காரங்க பேச்சும் நம்ம பேச்சும் ஒரே பேச்சா இருக்கு பாரு, அதுல வந்துச்சு. அவங்களும் கோயிலுங்குறாங்க, நாமளும் கோயிலுங்குறோம். அவங்களுக்கும் தேரு இருக்கு, திருநாள் இருக்கு, சாமியாரு இருக்காரு. வள்ளி காலையில, "இன்னிக்குப் பள்ளிக்கூடத்துல பூசை சித்தி, வெரசாப் போகணும்"னு சொல்லும்போதெல்லாம், பூசைக்கு வெறுங்கையோடவா போறதுன்னு பூப்பறிச்சு வாழநாருல கட்டிக் குடுப்பேன். ஒரு தடவ தேங்காயே குடுத்தேன். பிள்ளை அதையும் பைக்குள்ள போட்டுக் கொண்டுபோயிருக்கு. தேங்காய என்னடி செஞ்சாங்கன்னு கேட்டேன். "சிஸ்டர் சிரிச்சாங்க, அப்பறம் தொவையல் அரைச்சுட்டாங்க"ன்னுச்சு. மாதா காலடியில பூ வச்சாங்களாம். பெத்தவ காலடிதானே, இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

மாசி மாசம் ஒரு நாளு, "சித்தி, இன்னிக்கு விபூதிப் புதன்"னா. நமக்கு வெள்ளிக்கெழமை விசேசம்னா அவங்களுக்குப் புதன்கெழமை போலருக்குன்னு நெனச்சுக்கிட்டேன். அன்னிக்குச் சாயங்காலம் பனி எறங்குற நேரம். வீட்டுக்குள்ள நொழையிறா, நெத்தியில விபூதி! எனக்குக் கண்ணு ரெண்டும் தளும்பிருச்சு முத்து. "வேலப்பா, வேதக்காரங்க பள்ளிக்கூடத்துலயும் ஒன் விபூதியாப்பா"ன்னு அந்த எடத்துலயே கையெடுத்துக் கும்பிட்டேன். அப்பறம் கிட்டப் போயிப் பாத்தா, கரியாட்டம் இருக்கு. கோடு நேர ஒன்னு, குறுக்க ஒன்னு, வேர்வையில கலைஞ்சு கெடக்கு. "ஏண்டி, இதுவா விபூதி பூசுற அழகு? அடுப்புல மூஞ்சி வச்ச பூனையாட்டம்"னு சொல்லி, விரல நனைச்சு அத அழிச்சு, நம்ம பழனி விபூதி ஒரு சிட்டிகை சேத்து, மூணு பட்டையா இழுத்துவிட்டேன். "அது அப்படியேதான் இருக்கணுமாம் சித்தி"ன்னா. "யாருடி சொன்னா? விபூதி பூசுறதுக்கு எனக்கே படிச்சுக் குடுக்குறாங்களா?"ன்னேன்.  பெத்த ஆத்தாளாட்டம் அவளும், பேசுனா எதிராளிக்கு வருத்தம் வரும்னு தெரிஞ்சா வாயவே தெறக்கமாட்டா. அவளுக்கு நான் பட்டை போட்டுவிட்டதுக்கு ஒரு மணிநேரம் முன்னாடிதான் பொண்ணோட தாய்மாமன் அந்தச் சிலுவையப் பாத்துருக்காரு. ஒரு மணிநேரம் கழிச்சுப் பாத்திருந்தா, நல்ல சைவப்புள்ளைன்னு மெச்சிக்கிட்டுப் போயிருப்பாரு.

ஒன் கடுதாசி வந்த அன்னிக்கு ராத்திரிச் சோறு போட்டுட்டு, மெதுவா அவகிட்டச் சொன்னேன். "வள்ளி, நாளையிலேருந்து பள்ளிக்கூடம் வேணாமாம். அண்ணன் எழுதிருக்கு." அழுவான்னு பாத்தேன். அழுதிருந்தா நானும் ஒரு அதட்டு அதட்டி முடிச்சிருப்பேன். அவ என்ன செஞ்சா தெரியுமா? சோத்துக் கைய நக்கிட்டு, கழுவிட்டு வந்து, பையிலேருந்து தக்ளிய எடுத்தா. அதான், பள்ளிக்கூடத்துல பஞ்சு வச்சு நூல் நூக்கக் குடுப்பாங்கள்ல, பம்பரமாட்டம் சுத்துற கம்பி. "இது பள்ளிக்கூடத்துது சித்தி. திருப்பிக் குடுத்துரணும். நூத்த நூலு என்னுது, அதையும் குடுத்துரட்டா?"ன்னு கேக்குறா. அவ்வளவுதான் கேட்டா. ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல. 

மறுநாள் அந்தத் தக்ளியக் கொண்டுபோயி ஒப்படைக்கணும்னு நானே கெளம்புனேன். அவளையும் கூட்டிக்கிட்டேன், தனியா வீட்ல விட மனசு வரல. போற வழியெல்லாம் நான் என்ன பேசணும்னு ஒத்திகை பாத்துக்கிட்டே போனேன். "பிள்ளைகளப் படிக்கத்தான அனுப்புறோம், மதம் மாத்தவா அனுப்புறோம்"னு கேக்கணும், கொஞ்சம் சத்தமாவே கேக்கணும்னு. போயி நின்னா, அஞ்சாப்பு சிஸ்டரு, அவங்க தூத்துக்குடிப் பக்கம், நல்ல கறுப்பு, நல்ல கொரலு, "வாங்கம்மா. பெல் அடிக்கிற வரைக்கும் பின்னால ஒக்காருங்க. வள்ளி, நீ ஒன் எடத்துக்குப் போ"ன்னுட்டாங்க. நான் வாயத் தெறக்குறதுக்குள்ள அவ போயி ஒக்காந்துப்புட்டா. நானும் கடைசிப் பெஞ்சுல ஒக்காந்தேன். முட்டி ரெண்டும் தாடைக்கு வருது. முன்னால இருந்த ஒரு வாலு பக்கத்துப் பிள்ளைகிட்ட, "வள்ளி சித்தியும் அஞ்சாப்புல சேந்துருச்சுடி"ங்குது.

அங்க ஒக்காந்துதான் பாத்தேன் முத்து, இந்தப் பிள்ளைக என்ன படிக்குதுகன்னு. முதல்ல கணக்கு. வீசையக் கிலோவாக்குறது. சர்க்காரு தராசு மாத்துனதுலேருந்து பூண்டு யாவாரி சொல்றதுக்கெல்லாம் தலையாட்டிக்கிட்டு இருக்கோமே, அந்தக் கணக்குதான். வீசைங்குறது ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மின்னு பிள்ளைக மொத்தமா கத்துதுக. நான் ஏமாந்தது எவ்வளவுன்னு அந்தப் பெஞ்சுலயே மனசுக்குள்ள போட்டுப் பாத்து, யாவாரிய நாலு வார்த்தை வஞ்சேன். அடுத்தது மதுரை ஜில்லா படம். ஒரு பிள்ளை வந்து குச்சி வச்சு, இது பழனி, இது பெரியகுளம், இது வைகைன்னு தொட்டுக் காட்டுது. வள்ளிய எழுப்பி, "நீ எந்த ஊரு, காட்டு"ன்னாங்க. மேலமலையில ஒரு எடத்துல குச்சிய வச்சா. படத்துல வில்பட்டின்னு எழுதல, ஆனாலும் வச்சா. அப்பறம் இங்கிலீசு. அவங்கவங்க பேர அவங்கவங்க எழுதணும். ஒவ்வொரு பிள்ளையும் நாக்கக் கடிச்சுக்கிட்டு எழுதுனதப் பாக்கணுமே. வள்ளி பலகைய என் பக்கம் திருப்பிக் காமிச்சா. எனக்கு என்ன தெரியும், மண்புழு நெளிஞ்சாப்புல இருந்துச்சு. ஆனா அது அவ பேரு.

அதுக்கப்புறம்தான் நான் காத்துக்கிட்டிருந்தது வந்துச்சு. மணி அடிச்சதும் வேதக்காரப் பிள்ளைக எல்லாம் ஞானோபதேச வகுப்புன்னு எந்திருச்சு எதுத்த அறைக்குப் போயிருச்சுக. நம்ம பிள்ளைக மட்டும் இங்கயே. இவங்களுக்கு நீதிபோதனையாம். அன்னிக்கு நீதி என்னன்னா, கெணத்தடியில வரிசைய மீறக்கூடாது, அடுத்தவன் பல்பத்த எடுக்கக்கூடாது, தூங்குற வயசாளிய எழுப்பக்கூடாது. கடைசிய சிஸ்டரு என்னையப் பாத்துக்கிட்டே சொன்னாங்க. நான் தூங்கல. கண்ணு அசந்துச்சு, அவ்வளவுதான்.

பிள்ளைக பால்பவுடர் பாலுக்கு வெளிய போனதும் நான் எந்திருச்சு நின்னேன். சத்தமாக் கேக்கணும்னு வந்தவளுக்கு மெதுவாத்தான் வந்துச்சு. தக்ளிய நீட்டிக்கிட்டே, "எங்க பிள்ளைய வேதத்துல சேக்குறீங்களா சிஸ்டர்?"னு கேட்டேன். அவங்க அத வாங்கல. "யாரும்மா சொன்னா?"ன்னாங்க. பண்ணைக்காட்டுச் சேதிய, ஒன் கல்யாணத்த, எல்லாத்தையும் கொட்டிட்டேன். பொறுமையாக் கேட்டாங்க. "விபூதிப் புதன் அன்னிக்கு உங்க பிள்ளைகள வகுப்புலதான் இருக்கச் சொன்னோம்மா. இவ தானா எந்திருச்சு வந்து வரிசையில நின்னுட்டா. சாமியாருக்கு யாரு என்னன்னு தெரியாது, பூசிட்டாரு. விபூதி பூசுனா வேதத்துல சேந்தாப்புல ஆகாது. அதுக்கு ஞானஸ்நானம் வேணும், வீட்டுப் பெரியவங்க சம்மதம் வேணும். நாங்க கேக்கவும் இல்ல, கேக்கப் போறதும் இல்ல. அன்னிக்கே நான் உங்களுக்குச் சொல்லி அனுப்பிருக்கணும், அது என் தப்புதான்"னாங்க. அப்பறம் சிரிப்ப அடக்கிக்கிட்டு, "நீங்க எங்க விபூதிய அழிச்சு மூணு கோடு போட்டீங்களாமே, நாங்க சண்டைக்கு வந்தமா?"ன்னு ஒரு போடு போட்டாங்க பாரு. நானும் சிரிச்சுட்டேன். தக்ளிய மடியில கட்டிக்கிட்டு வந்துட்டேன்.

ஆனா ஏன் எந்திருச்சுப் போனான்னு சிஸ்டருக்கும் தெரியல. வள்ளிகிட்டத்தான் கேட்டேன், வீட்டுக்கு நடந்து வரும்போது.  ஒரு மேடு ஏறி மூச்சு வாங்க நின்னப்ப சொன்னா. அந்தச் சாமியாரு விபூதி வைக்கும்போது லத்தீன்ல என்னமோ சொல்வாராம். அதுக்கு அர்த்தம் என்னன்னு முந்துன நாளு சிஸ்டரு பிள்ளைகளுக்குச் சொல்லிருக்காங்க. மனுசன் மண்ணுதான், கடைசியில மண்ணாத்தான் போவான், அத மறக்காம இருக்கத்தான் இந்தச் சாம்பல்னு. "எங்கம்மாவும் சாம்பலாத்தான் போச்சுன்னு நீங்க சொல்லிருக்கீங்கள்ல சித்தி. நான் அம்மாவையும் பாக்கல, அந்தச் சாம்பலையும் பாக்கல. அதான் போயி நின்னேன்"னா.

எங்கக்கா இவளப் பெத்து என் மடியில போட்டுட்டு, சீம்பால் குடுக்கக்கூட உசுரோட இல்ல. எனக்குன்னு பொறந்தது ஒன்னும் தங்கல, அதனால நீங்க ரெண்டு பேரும் எனக்குன்னு ஆயிட்டீக. கொள்ளி வச்சவன் நீ. மறுநாளு பாலூத்தி, கலயத்துல அள்ளி, ஆத்துல கரைச்சவன் நீ. அரும்பு மீசைகூட இல்ல ஒனக்கு அப்ப. ஆத்துலேருந்து வந்து ரெண்டு நாளு கையவே பாத்துக்கிட்டிருந்த. நீ பாத்தத அவ பாக்கல முத்து. அவளுக்குப் பாக்கணும்னு இருந்திருக்கு. அத யாருகிட்டக் கேக்குறதுன்னு தெரியாம ஒரு வரிசையில போயி நின்னுருக்கா. இது மதம் மாறுற சோலியாடா? நான் நாளு தவறாம வேலப்பர் கோயிலுக்கு வெளக்குப் போடுறவ, கிருத்திகைன்னா பச்சத்தண்ணி பல்லுல படாதவ. எனக்கே அதுல குத்தம் தெரியல. முருகன் கணக்கெழுதுனா, அந்த விபூதிய அவன் கணக்குலதான் எழுதுவான்.

நீயும் அஞ்சாப்புலதான் நின்ன. ஒன்னையக் குத்திக்காட்டல. நீ டவுனு போர்டு பள்ளிக்கூடத்துல வாய்ப்பாடு ஒப்பிக்கையில வெளிய லாரிச் சத்தம் கேட்டுச்சுன்னு, ஏழேழுல விட்டுட்டு ஓடிப்போயி முட்டைக்கோசு லாரியில தொத்திக்கிட்டவன். வாத்தியாரு வீட்டுக்கே வந்து, "ஒங்க மகன் மிச்ச வாய்ப்பாட்ட வத்தலக்குண்டுல ஒப்பிப்பான் போல"ன்னாரு. ஒங்கய்யா பெல்ட்ட உருவுனாரு, நான்தான் குறுக்க விழுந்தேன். ஒனக்கு வேணாம்னு நீ நின்ன. அது வேற. அவளுக்கு வேணும். வேணுங்குறவள நிப்பாட்டுறதும், வேணாங்குறவன் நிக்கிறதும் ஒன்னாகுமா? நின்னவன் நீ இன்னிக்கு லாரி ஓட்டுற, நாலு ஊரு பாக்குற. அவ நின்னா பூண்டுக்காட்டுக்கு வருவா, ரெண்டு வருசத்துல எவனாவது பொண்ணு கேட்டு வருவான். எனக்கு ஒத்தாசையாத்தான் இருக்கும், இல்லேங்கல. இடுப்பு வலிக்குது, ஆளு தேவைதான். ஆனாலும் எனக்கு வேணாம் அந்த ஒத்தாசை.

பண்ணைக்காட்டுக்காரங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னு நீ கலங்காத. நீ நேராப் போ. ஆளு மூலமாச் சொல்லிவிடாத, சொல்லிவிட்டா அது போற வழியில வாலு மொளைச்சுக்கும். "ஆமா மாமா, எந்தங்கச்சி நெத்தியில விபூதி பூசுனா. எங்க சித்தி அதுக்கு மேல பழனி விபூதியும் பூசுச்சு. ரெண்டு விபூதி தாங்குற நெத்தி எங்க வீட்டு நெத்தி"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லு. சிரிச்சுச் சொல்றவன எவனும் மடக்க முடியாது. அதுக்கும் அவரு மொறச்சா, நான் வர்றேன் பஸ்சேறி. பொண்ணு குடுக்கிற வீட்டுக்கு மொதல் சண்டையிலயே பயந்து கூடப்பொறந்தவள நீ விட்டுக் குடுத்தேன்னு வையி, அந்தப் பொண்ணும் பாத்துக்கிட்டுத்தான இருக்கும்? நாளைக்கு நம்மளையும் இவன் இப்படித்தான் விடுவான்னு அது மனசுல விழுந்துரும். விழுந்தா எடுக்க முடியாது. இத நான் கல்யாணமான மூணாம் மாசமே கத்துக்கிட்டேன், ஒங்க சித்தப்பா எனக்குக் கத்துக்குடுத்துட்டுப் போனாரு, அந்தக் கதை இப்ப வேணாம்.

அவள நான் திரும்பப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டேன். ஒன்னையக் கேக்காம அனுப்பிட்டேன்னு வருத்தப்படாத. பங்குனி உத்திரம் கழிஞ்சு முழுப்பரீட்சை. எழுதட்டும். ஆனா ஆறாப்புல சேக்குறதுக்கு வீட்டு ஆம்பளை வந்து கையெழுத்துப் போடணுமாம். அத என்னால போட முடியாது, போடவும் மாட்டேன். நீ வேணாம்னா வேணாம். அவளும் ஏன்னு கேக்கமாட்டா, அதுதான் எனக்குப் பயமா இருக்கு. நீ அடுத்த லோடுக்கு மேல வர்றப்ப ஒரு எட்டு அவளோட நடந்து போயி, அந்தக் கடைசிப் பெஞ்சுல ஒக்காந்து பாரு. ஒக்காந்து பாத்துட்டு அப்பறம் சொல்லு. ஒடம்பப் பாத்துக்க. வெத்தல அதிகமாப் போடாத, கல்யாணத்துல பல்லு தெரியணும். வேலப்பரு தொணையிருப்பாரு.

அடடா, இத எழுதாம மடிக்கப் பாத்தேனே. இப்பத்தான், வெளக்குக்கு எண்ணெய் ஊத்திக்கிட்டே, அந்த விபூதிய எதுலடி செய்யிறாங்க, நம்மள மாதிரி சாணிய எரிச்சான்னு வள்ளியக் கேட்டேன். இல்லியாம். போன வருசம் குருத்தோலைத் திருநாளுக்கு மந்திரிச்ச ஓலைய எடுத்து வச்சிருந்து, காய்ஞ்சதும் அதத்தான் எரிக்கிறாங்களாம். கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்துருச்சு. இந்தக் குளிருல தென்னையேது முத்து? போன பங்குனியில வத்தலக்குண்டுல முட்டைக்கோச எறக்கிட்டு வெறும் வண்டியா ஏறி வர்றப்ப, சிஸ்டருக கேட்டாங்கன்னு ஒரு கட்டு தென்னங்குருத்து ஏத்தியாந்து மடத்து வாசல்ல போட்டுட்டு, கையெல்லாம் ஈர்க்கு கீறிருச்சு சித்தின்னு என்கிட்ட வந்து வெளக்கெண்ணெய் கேட்டது நீதான்.